சீனி டப்பா முதல் கருப்பட்டிப் பெட்டி வரை: வீட்டில் இனிப்பைக் கெடாமல் வைத்துக்கொள்ள முழு வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன்னால் வீட்டு விசேஷத்துக்கென்று பத்துக் கிலோ சீனி வாங்கினோம். விசேஷம் முடிந்து நாலு கிலோ மிஞ்சியது. பையின் வாயைச் சுருட்டி ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு, சமையலறை மூலையில், வெளிச்சுவரை ஒட்டி, வெறுந்தரையில் வைத்துவிட்டேன். அப்போது புரட்டாசி. கார்த்திகையில் எடுக்கப் போனால் மேலே ஒரு கிலோ பரலாக இருந்தது, கீழே இருந்த மூன்று கிலோவும் செங்கல். அம்மிக்குழவியால் ஒரு போடு போட்டதில் ஒரு துண்டு தெறித்து ஜன்னல் வரை போனது.

அதற்கு அப்புறம்தான் சீனி டப்பாவைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஒன்று புரிந்தது. சீனி தானாகக் கெடுவதில்லை. ஈரக் கரண்டி, டீ கொதிக்கிற ஆவி, பாதி மூடிய மூடி என்று நாம்தான் கெடுக்கிறோம். அதனால் கீழே சொல்லியிருப்பதில் பாதிக்கு மேல், டப்பாவைத் திறக்கிற வேலையை எப்படிக் குறைப்பது என்பதுதான்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தெற்கத்தி ஆள் என்பதால் எனக்கு அது சீனி. சென்னையில் சர்க்கரை. கொங்குப் பக்கம் "சக்கரை" என்று கேட்டால் நாட்டுச் சர்க்கரையை நீட்டுவார்கள்; வெள்ளையாக வேண்டுமென்றால் "அஸ்கா" என்று கேட்க வேண்டும். அஸ்கா என்பது ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் உள்ள ஓர் ஊர். 1936 வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே ஓடிய ஆலையின் சரக்கு இங்கே வந்து, ஊர்ப் பெயரே பொருளின் பெயராக நின்றுவிட்டது. இந்தக் கட்டுரையில் வெள்ளையாக இருப்பது சீனி, பழுப்பாகப் பொடியாக இருப்பது நாட்டுச் சர்க்கரை. குழப்பம் வேண்டாம்.

1. சீனி ஏன் கட்டியாகிறது?

ஒவ்வொரு சீனிப் பரலின் மேலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பாகுப் படலம் ஒன்று இருக்கிறது. காற்றில் ஈரம் கூடும்போது அந்தப் படலம் தடித்து, பக்கத்துப் பரலோடு ஒட்டுகிறது. ஈரம் குறைந்ததும் அந்தப் பாகு உறைந்து, இரண்டு பரலுக்கும் நடுவே பாலமாக நின்றுவிடுகிறது. ஆகவே சீனி கட்டியாவது நனையும்போது இல்லை, நனைந்து காயும்போது. மழை நாளில் பிசுபிசுவென்று இருந்த சீனி, மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்ததும் கல்லாகிவிடுவது இதனால்தான்.

சுத்தமான வெள்ளைச் சீனி, காற்றின் ஈரப்பதம் சுமார் 85 சதவீதத்தைத் தாண்டினால்தான் தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். சென்னையில் வடகிழக்குப் பருவமழை நாட்களில், அதிலும் விடியற்காலையில், அந்த அளவு சர்வசாதாரணம். அடுப்பில் கொதிக்கிற பாத்திரத்துக்கு மேலேயோ வருடம் முழுக்க மழைக்காலம்தான்.

இதிலேயே ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. உலர்ந்த சீனியில் கிருமிகளோ பூஞ்சையோ வளரத் தேவையான தண்ணீர் கிடையாது. உணவுப் பொருட்களின் லேபிள் பற்றிய சர்வதேச விதித்தொகுப்பான கோடெக்ஸ், சாதாரணத் திடச் சீனிக்குக் காலாவதித் தேதி போடுவதிலிருந்தே விலக்கு கொடுத்திருக்கிறது. எனவே கட்டிதட்டிய சீனி கெட்டுப்போன சீனி ஆகாது. நம் ஊர் ஆலைச் சீனி பெரும்பாலும் கந்தகப் புகை கொடுத்து வெளுத்தது. நாளானால் லேசாக மஞ்சள் தட்டும். அதுவும் கெட்டதற்கு அடையாளம் இல்லை.

2. வாங்கும்போதே பார்க்க வேண்டியது

கடை மூட்டைகளில் எஸ்-30, எம்-30 என்று அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எஸ் என்றால் சின்னப் பரல், எம் என்றால் நடுத்தரம், எல் என்றால் பெரியது. எண் நிறத்தைக் குறிக்கும். காபி, டீக்குச் சின்னப் பரல் சீக்கிரம் கரையும். ஆனால் அதிக நாள் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் நடுத்தரப் பரலை வாங்குங்கள். பரல் பெரிதாக இருந்தால் ஒன்றோடொன்று தொடுகிற இடம் குறைவு, ஒட்டுவதும் குறைவு.

பாக்கெட் என்றால் நாலு மூலையையும் அமுக்கிப் பாருங்கள். கட்டி முதலில் உருவாவது மூலைகளில்தான். தையலில் ஒரு ஊசித்துளை இருந்தால்கூட அந்த மூலை கெட்டியாகியிருக்கும்.

ரேஷன் சீனிக்குத் தனிக் கவனம் வேண்டும். அரிசி கார்டுக்கு ஆளுக்கு அரை கிலோ, அதிகபட்சம் 2 கிலோ என்று மாதாமாதம் வருகிறது, கிலோ 13.50 ரூபாயாக இருந்தது 2017 நவம்பரில் 25 ஆனது. மூட்டையைப் பிரித்துத் திறந்தபடி வைத்துத்தான் அளக்க முடியும் என்பதால், ஐப்பசி, கார்த்திகையில் வாங்குகிற ரேஷன் சீனி பெரும்பாலும் கையில் ஒட்டும். அதை வந்ததும் வராததுமாக டப்பாவில் கொட்டி மூடாதீர்கள். ரவை சல்லடையில் ஒருமுறை சலித்தால் சாக்கு நார், தூசி எல்லாம் போய்விடும். பிறகு தாம்பாளத்தில் பரப்பி, வெயில் உள்ள மதிய நேரத்தில் ஒரு மணி நேரம் மெல்லிய துணி மூடிக் காயவைக்க வேண்டும். வெயிலே இல்லாத நாளில் மின்விசிறிக்குக் கீழே பரப்புவதில் பயனில்லை. ஈரக் காற்றைத்தான் அது சீனிமேல் வீசும். அந்த மாதிரி நாட்களில் தனி டப்பாவில் போட்டு, அந்தச் சீனியை முதலில் செலவழித்துவிடுவது மேல்.

இன்னொன்று: காய்ந்த சீனியைச் சூட்டோடு மூடக் கூடாது. சூடான சீனிக்குள் இருக்கிற ஈரம், டப்பா ஆறும்போது ஓரத்தில் தண்ணீராகப் படிந்துவிடும். கையால் தொட்டுப் பார்த்து நன்றாக ஆறிய பிறகுதான் மூடி.

3. டப்பாவைத் தேர்ந்தெடுப்பது

எவர்சில்வரா, கண்ணாடியா, பிளாஸ்டிக்கா என்ற விவாதம் எல்லா வீட்டிலும் உண்டு. என் அனுபவத்தில் எதனால் செய்தது என்பதைவிட மூடி எப்படி என்பதுதான் முக்கியம். அழுத்தி மூடுகிற எவர்சில்வர் தூக்குவாளி மூடி பார்க்கக் கெட்டியாகத் தெரியும், ஆனால் காற்றும் போகும், சிற்றெறும்பும் போகும். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் அதைவிடத் தேவலை. உள்ளே ரப்பர் வளையம் போட்ட கண்ணாடி ஜாடியோ, நாலு பக்கமும் பூட்டுகிற டப்பாவோ இருந்தால் மிகவும் நல்லது.

மூடி உண்மையில் இறுக்கம்தானா என்று பார்க்க ஒரு சோதனை. காலி டப்பாவை மூடி, ஒரு வாளித் தண்ணீரில் மூடி மேலே இருக்கும்படி முழுக்க அமுக்கிப் பிடியுங்கள். குமிழி வந்தால் அது சீனி டப்பா இல்லை; பருப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் ஏழு டப்பாக்களை இப்படி முக்கியதில் தேறியவை இரண்டுதான்.

அடுத்தது அளவு. இதைப் பலர் யோசிப்பதில்லை. 1 லிட்டர் டப்பாவில் 1 கிலோ சீனி அடங்காது. கிட்டத்தட்ட 850 கிராம்தான் பிடிக்கும். மிச்சம் 150 கிராமை என்ன செய்வோம்? பாக்கெட்டிலேயே விட்டு, வாயைச் சுருட்டி, டப்பாவுக்குப் பின்னால் செருகி வைப்போம். எறும்பு முதலில் வந்து சேர்வது அந்த மிச்சத்துக்குத்தான். கிலோவுக்கு 1.2 லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 5 கிலோ வாங்குகிற வீட்டுக்கு 6 லிட்டர் டப்பா வேண்டும்.

கழுவிய டப்பாவை வெயிலில் ஒரு பகல் முழுக்கக் காயவையுங்கள். முறுக்கு மூடியின் மரைக்குள்ளும் ரப்பர் வளையத்துக்கு அடியிலும் தண்ணீர் ஒளிந்திருக்கும். வளையத்தைக் கழற்றித் துடைக்க வேண்டும். பழைய சீனியின் தலையில் புதுச் சீனியைக் கொட்டுவதையும் விட்டுவிடுங்கள். பழையதைத் தட்டில் கொட்டி, டப்பாவைத் துடைத்து, புதியதை முதலில் போட்டு அதன்மேல் பழையதைப் போடுங்கள். இல்லையென்றால் அடியில் இருக்கிற சீனி வருடக்கணக்கில் அங்கேயே குடியிருக்கும்.

4. பெரிய டப்பா, சின்ன டப்பா

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

மொத்தச் சீனியும் பெரிய டப்பாவில், அடுப்பிலிருந்து தள்ளி இருக்கட்டும். 250 கிராம் பிடிக்கிற ஒரு சின்ன டப்பா மட்டும் அடுப்படியில். பெரியது வாரத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் திறக்கும். அதுவும் அடுப்பு எரியாத நேரத்தில், காய்ந்த கையோடு. ஆவி, ஈரக் கரண்டி, பிள்ளைகளின் கை என்று வருகிற எல்லாக் கஷ்டத்தையும் சின்ன டப்பா வாங்கிக்கொள்ளும். கெட்டாலும் 250 கிராமோடு போகும்.

சின்ன டப்பாவுக்குள் ஒரு எவர்சில்வர் ஸ்பூன் நிரந்தரமாக இருக்கட்டும். அது வெளியே வரலாம், சீனியைத் தம்ளரில் போடலாம், ஆனால் டீயைத் தொடக் கூடாது. கலக்குவதற்கு வேறு ஸ்பூன். வீட்டில் எல்லாரிடமும் இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. டீ கொதிக்கிற பாத்திரத்துக்கு மேலேயே டப்பாவைச் சாய்த்துப் போடுகிற பழக்கமும் இருந்தது. அந்த மூன்று விநாடியில் டப்பாவுக்குள் போகிற ஆவி கொஞ்சம் இல்லை.

டப்பாவில் கட்டி தென்பட்டால் தூக்கி எறிவதற்கு முன் அதைக் கொஞ்சம் விசாரியுங்கள். குற்றவாளி யார் என்று அதுவே சொல்லும். உருண்டையாக, உடைத்தால் உள்ளே பழுப்பாக இருந்தால், டீக் கரண்டி. மேல்பரப்பில் தட்டையாக அப்பளம் மாதிரி இருந்தால், ஆவி. டப்பாவின் அடியோடு ஒட்டியிருந்தால், கழுவிய ஈரம் காயாமல் கொட்டியிருக்கிறீர்கள். ஒரு பக்கச் சுவரில் மட்டும் படிந்திருந்தால், அந்தப் பக்கம் வெயிலோ அடுப்புச் சூடோ படுகிறது. காரணம் தெரிந்துவிட்டால் மாற்ற வேண்டியதும் அது ஒன்றுதான்.

5. எங்கே வைப்பது?

அடுப்புக்கு நேர் மேலே உள்ள ஷெல்ஃபில் வைக்காதீர்கள். கைக்கு எட்டுகிறது என்று எல்லாரும் அங்கேதான் வைக்கிறோம். பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குக் கீழேயும் கூடாது. தரையில் வைப்பதானால் ஒரு மரப்பலகை போட்டு, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். மழையில் நனைகிற வெளிச்சுவர் உள்ளே பார்க்கக் காய்ந்திருந்தாலும் ஈரத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். என் செங்கல் உருவானது அப்படித்தான்.

சீனி வாசனையையும் இழுக்கும். பெருங்காய டப்பா, கருவாடு, சோப்பு, பாச்சை உருண்டை இவற்றோடு சேர்த்து வைத்தால் பாயசத்தில் தெரியும். உப்பு டப்பாவும் சீனி டப்பாவும் ஒரே மாதிரி இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தடவை கேசரி கிண்டியவர்களுக்குத் தெரியும்.

ஃபிரிட்ஜில் சீனியை வைக்கவே வேண்டாம். குளிர்ந்த டப்பாவை வெளியே எடுத்துத் திறந்ததும் வெளிக்காற்றின் ஈரம் உள்ளே வேர்த்துப் படிந்துவிடும்.

6. எறும்பு

நம் ஊரில் சீனிக்கு உண்மையான எதிரி ஈரமா எறும்பா என்று கேட்டால் எறும்புக்குத்தான் ஓட்டு விழும். கடிக்காமல் ஓடித் திரிகிற கறுப்புப் பிள்ளையார் எறும்பாவது கண்ணில் படும். கண்ணுக்கே தெரியாத அளவில் மஞ்சளும் சிவப்புமாக வருகிற சிற்றெறும்புதான் தொல்லை. முறுக்கு மூடியின் மரையைச் சுற்றிச் சுற்றி நடந்தே உள்ளே போய்விடும்.

எறும்பு வரிசையைப் பார்த்ததும் மருந்து அடிக்கத் தோன்றும். அடிக்காதீர்கள். முதலில் வரிசை எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். பல நேரம் டப்பாவுக்குள் எறும்பு இருக்காது. டப்பாவின் வெளிப்புறம், மூடியின் மரை, ஷெல்ஃபில் சிந்திய பத்துப் பரல், இவற்றுக்குத்தான் அந்த ஊர்வலம். அதைத் துடைத்துவிட்டால் வேலை பாதி முடிந்தது. மீதிப் பாதி அது வந்த தடம். உணவைக் கண்ட எறும்பு திரும்பிப் போகும்போது வாசனைத் தடம் போட்டுக்கொண்டே போகிறது. மற்றவை அந்தத் தடத்தை மோந்துகொண்டு வருகின்றன. வெறும் தண்ணீரால் துடைத்தால் தடம் முழுதாகப் போகாது. பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீரால், சுவரில் அது கிளம்புகிற விரிசல் வரை துடைக்க வேண்டும். விரிசலைக் கொஞ்சம் வெள்ளைச் சிமென்ட் வைத்து அடைத்துவிடுங்கள்.

தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் டப்பாவை வைப்பது பாட்டி காலத்து வழி. இன்றைக்கும் இதை மிஞ்சியது கிடையாது. ஆனால் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். டப்பாவோ தட்டோ சுவரைத் தொடக் கூடாது; தொட்டால் பாலம் கிடைத்துவிடும். இரண்டு நாள் ஆனால் தண்ணீரின் மேல் தூசி ஆடை கட்டும், லேசான எறும்பு அதன்மேல் நடந்தே வந்துவிடும். ஒரு சொட்டுச் சோப்புத் திரவம் விட்டால் எறும்பால் மிதக்க முடியாது. மூன்றாவது, தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒருமுறை கொட்டி மாற்றுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இந்த மாதிரித் தட்டுத் தண்ணீரே போதும். தட்டின் நடுவே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் டப்பாவை வைத்தால் டப்பாவின் அடியும் நனையாது.

டப்பாவுக்குள் நாலைந்து கிராம்பு போடுவது எல்லாரும் சொல்கிற யோசனை. கிராம்பின் காரமான வாசனை எறும்பைக் கொஞ்சம் தயங்க வைக்கும், உண்மைதான். ஆனால் மூடி சரியில்லாத டப்பாவுக்குக் கிராம்பு காவல் இருக்காது. சில வாரத்தில் வாசனை குறைந்ததும் எறும்பு உள்ளே இருக்கும், சீனியோ கிராம்பு மணக்கும். பாயசத்துக்குப் பரவாயில்லை, ஃபில்டர் காபிக்கு எனக்குப் பிடிக்கவில்லை. மஞ்சள்தூளை ஷெல்ஃபின் ஓரத்தில் கோடாக இழுப்பதும் தற்காலிகத் தடைதான்.

எறும்பு சாக்பீஸ் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அது வெறும் சுண்ணக்கட்டி இல்லை, பூச்சிக்கொல்லி கலந்தது. டப்பாவைச் சுற்றியும், டப்பா மேலேயும் கோடு போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தூள் கையில் பட்டு, ஸ்பூனில் பட்டு, சீனிக்குள் போகும். வாசற்படி, ஜன்னல் ஓரம் என்று தள்ளிப் போடுங்கள். சாப்பாட்டுப் பொருள் உள்ள ஷெல்ஃபில் வேண்டாம்.

7. பொடித்த சீனி, கல்கண்டு

மிக்ஸியில் பொடித்த சீனி ஒரே வாரத்தில் பாறையாகும், ஏனென்றால் தூளாக்கியதும் காற்றுபடும் பரப்பு பல மடங்கு கூடிவிடுகிறது. கடையில் விற்கிற ஐசிங் சீனியில் கட்டிதட்டாமல் இருக்கச் சோள மாவு கலந்திருப்பார்கள். வீட்டில் அன்றன்றைக்குப் பொடித்துக்கொள்வதே நல்லது. வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் கப்புக்கு ஒரு ஸ்பூன் சோள மாவு சேர்த்துப் பொடியுங்கள்.

கல்கண்டுக்கு மூடிய பாட்டில் போதும். பனங்கற்கண்டில் மட்டும் அடியில் கொஞ்சம் கசிவு வரும். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை வெயில் காட்டுங்கள்.

8. நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும்

இங்கே கதை வேறு. சீனிக்குச் சொன்ன தைரியம் வெல்லத்துக்குச் செல்லாது. வெல்லத்தில் கரும்புச் சர்க்கரையோடு குளுக்கோஸும் பழச்சர்க்கரையும் கலந்திருக்கும். தண்ணீரும் சீனியில் உள்ளதைவிடப் பல மடங்கு. பழச்சர்க்கரை, காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டினாலே தண்ணீரை இழுக்க ஆரம்பிக்கும். சென்னையில் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் அதற்கு மேல்தான். வெல்லம் இளகுவது, நீர் விடுவது, பிறகு புளிப்பது, பூஞ்சை பிடிப்பது எல்லாம் வரிசையாக நடப்பது இதனால்தான்.

வாங்கும்போது விரல் நகத்தால் கீறிப் பாருங்கள். நல்ல வெல்லம் கெட்டியாக, உடைத்தால் உள்ளே பரல் பரலாகத் தெரியும். மெழுகு மாதிரி மழுங்கினால் ஏற்கெனவே ஈரம் ஏறியது. பளீரென்ற வெளிர் மஞ்சளைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த நிறம் பெரும்பாலும் ஹைட்ரோஸ் என்கிற வெளுப்பு மருந்து போட்டு வருவது. கருஞ்சிவப்பாக, கொஞ்சம் அழுக்குத் தோற்றத்தோடு இருப்பதையே நான் எடுப்பேன். ஈரோடு மாவட்டத்தில் சித்தோடு வெல்லத்துக்கும் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரைக்கும் பேர்போன சந்தைகள். பழனி பஞ்சாமிர்தத்துக்குத் தேவஸ்தானம் சர்க்கரை வாங்குவது கவுந்தப்பாடியிலிருந்துதான்.

வெல்லத்தை வருடத்துக்குச் சேர்த்து வாங்குவதற்குச் சரியான நேரம் தை, மாசி. கரும்பு ஆட்டுகிற பருவம், காற்றும் உலர்ந்திருக்கும். புரட்டாசிக்குள் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும்படி வாங்குங்கள். மழைக்காலத்தில் வாங்கினால் அரை கிலோவுக்கு மேல் வேண்டாம்.

வைக்கும் முறை இப்படி: ஒவ்வொரு அச்சையும் அச்சடிக்காத பழுப்புக் காகிதத்தில் தனித்தனியாகச் சுற்றுங்கள். செய்தித்தாளில் மை இருக்கிறது, வேண்டாம். சுற்றியதை இறுக்கமான டப்பாவில் அடுக்கி, மேலே ஒரு காகித மடிப்பு வைத்து மூடுங்கள். ஒன்று இளகினாலும் அது பக்கத்தில் இருப்பதை நனைக்காது. பாலித்தீன் பையில் மட்டும் கட்டித் தொங்கவிட்டால் உள்ளேயே வேர்த்து அடியில் பாகு தேங்கிவிடும்.

மழை தொடங்கும் முன் நான் செய்வது வேறு ஒன்று. மிச்சம் இருக்கிற வெல்லத்தைத் தட்டி, மூழ்குகிற அளவு தண்ணீரில் கரைத்து, மண்ணும் சக்கையும் போக வடிகட்டி, மறுபடி அடுப்பில் வைத்து, இரண்டு விரலுக்கு நடுவே பிசுபிசுவென்று ஒட்டுகிற பதம் வரை காய்ச்சி இறக்குவேன். கம்பிப் பதம் வரை விட்டால் ஆறியதும் உறைந்துவிடும். சூடு ஆறியதும் கொதிநீரில் கழுவிக் காயவைத்த பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் கவலை இல்லை. வியாழக்கிழமை சுண்டலுக்கும் திடீர்ப் பணியாரத்துக்கும் அப்படியே ஊற்றிக்கொள்ளலாம்.

நாட்டுச் சர்க்கரையில் இரண்டு கஷ்டமும் உண்டு. மழையில் சேறாகும், வெயிலில் கல்லாகும். கண்ணாடி ஜாடியில் அமுக்கி நிரப்பி, உள்ளே காற்று தங்காமல் மூடுவதுதான் வழி. கல்லாகிவிட்டால், ஒரு சின்னத் துணியை நனைத்துப் பிழிந்து, சர்க்கரையைத் தொடாமல் ஒரு கிண்ணத்தில் வைத்து, அந்தக் கிண்ணத்தை ஜாடிக்குள் வைத்து ஓர் இரவு மூடிவிடுங்கள். காலையில் கையாலேயே உதிரும். கிண்ணத்தை மறக்காமல் எடுத்துவிட வேண்டும்.

9. கருப்பட்டி

தூத்துக்குடி, உடன்குடிப் பக்கம் பதநீர் இறங்குகிற காலம் மாசி, பங்குனியில் தொடங்கி ஆனி, ஆடிவரை. வருடத்துக்கான கருப்பட்டியை அந்தச் சில மாதத்துக்குள் காய்ச்சியாக வேண்டும் என்பதால், அதைச் சேமிக்கிற வித்தை அந்த மக்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்து வீடுகளில் விறகடுப்புக்கு மேலே ஒரு பரண் இருக்கும். பனையோலைப் பெட்டியில் கருப்பட்டியை அடுக்கி அதில் ஏற்றிவிடுவார்கள். தினமும் அடுப்புச் சூடும் புகையும் பட்டு, ஈரமும் ஏறாது, பூச்சியும் வராது. மேலே கரி படிந்து கறுத்திருக்கும். தட்டினால் ணங்கென்று சத்தம் வரும். பழைய கருப்பட்டிக்குத்தான் மருந்துக் கணக்கில் மதிப்பு, சுக்குக் காப்பிக்கு அதைத்தான் தேடுவார்கள். யாழ்ப்பாணத்தில் பனங்கட்டியைக் குட்டான் என்கிற சின்ன ஓலைப் பின்னலுக்குள்ளேயே ஊற்றி உறைய வைக்கிறார்கள். கடையில் வாங்குவதும் அந்தக் குட்டானோடுதான்.

கேஸ் அடுப்பு வீட்டில் பரண் கிடையாது. அதற்குப் பதில்: வாங்கியதும் ஒருநாள் நல்ல வெயிலில் துணி மூடி வைத்து, ஆறியதும் ஓலையிலோ பழுப்புக் காகிதத்திலோ சுற்றி, இறுக்கமான டப்பாவில் போட்டு, வீட்டிலேயே மிகவும் உலர்ந்த உயரமான இடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் மட்டும் சின்னச் சின்னத் துண்டுகளாகத் தட்டி, வாரத் தேவைக்கு ஒரு டப்பாவாகப் பிரித்து ஃபிரிட்ஜில் வைக்கலாம். எடுத்த டப்பா வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு திறக்க வேண்டும், திரும்ப உள்ளே வைக்கக் கூடாது.

கருப்பட்டியின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் உடனே பயப்பட வேண்டாம். விரலால் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று மாவுப்பரலாக இருந்தால் இனிப்புதான் வெளியே வந்து படிந்திருக்கிறது. பஞ்சு மாதிரி, பச்சை, கறுப்பு நிறம் கலந்து இருந்தால் பூஞ்சை. அந்தப் பகுதியை மட்டும் சீவிவிட்டு மீதியைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இளகிய வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பூஞ்சை கண்ணுக்குத் தெரிவதைவிட ஆழமாகப் போயிருக்கும், மொத்தமாகப் போடுங்கள். கள் மாதிரிப் புளித்த வாடை வந்தாலும் அப்படியே.

10. கெட்டதை மீட்பது

கட்டிதட்டிய சீனி: கெட்டியான துணிக்குள் வைத்துப் பூரிக்கட்டையால் உருட்டுங்கள். அடிக்க வேண்டாம், உருட்டினாலே பெரும்பாலும் உதிர்ந்துவிடும். சலித்து, உதிர்ந்ததை டப்பாவுக்கும் உதிராததைப் பாகுக்கும் பிரியுங்கள்.

எறும்பு ஏறிய சீனி: தட்டில் பரப்பி வெயிலில் வைத்தால் அரை மணி நேரத்தில் எறும்பு இறங்கி ஓடிவிடும். தட்டின் கீழே நிழல் இருக்க வேண்டும், ஓட இடம் வேண்டுமே. செத்த எறும்பு நிறைய இருந்தால் சலித்துப் பயனில்லை, அதையும் பாகுக்கு விடுங்கள்.

பாகு: ஒரு கிலோ சீனிக்கு அரை லிட்டர் தண்ணீர். கொதி வந்ததும் இரண்டு ஸ்பூன் பால் விடுங்கள். பால் திரிந்து, அழுக்கை எல்லாம் சேர்த்துக்கொண்டு நுரையாக மேலே வரும். கரண்டியால் வழித்துவிட்டு, துணியில் வடிகட்டினால் கண்ணாடி மாதிரி இருக்கும்.

எதையும் செய்யாமல் தூக்கிப்போட வேண்டியவையும் உண்டு. பூச்சி மருந்து பட்டது, மண்ணெண்ணெய், பினாயில் வாடை ஏறியது, எலிப் புழுக்கை கிடந்தது, வெள்ளத் தண்ணீர் தொட்டது. காய்ச்சினால் சரியாகிவிடும் என்று இவற்றில் கணக்குப் போடாதீர்கள்.

என் மூன்று கிலோ செங்கல்லில் ஒன்றரைக் கிலோ உதிர்ந்து டப்பாவுக்குத் திரும்பியது. மீதியைப் பாகாக்கி, பாதியைக் குலாப் ஜாமூனுக்கு வைத்துக்கொண்டு, பாதியில் இளம் இஞ்சியை அரைத்துச் சாறு விட்டு மரப்பா கிளறினோம். கார்த்திகை மழைக்கு வீட்டில் எல்லாருக்கும் இருமல், தட்டு இரண்டே நாளில் காலி.